ஃபார்மட் அடிக்கும் முன், உங்கள் மெயில் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கும்பகோணத்தில் என் சர்வீஸ் கடைக்கு வரும் மெஷின்களில் பல, "புது ஓஎஸ் போட்டுக் கொடுங்க" என்றுதான் வருகின்றன. அதற்காக ஃபார்மட் அடித்தால், அதாவது டிரைவைத் துடைத்தால், உள்ளே இருந்தது எல்லாம் போய்விடும். உங்கள் கடிதங்களிலும் அதே பேச்சு. ஆகவே இந்த முறை மெயிலையும் முகவரிகளையும் காப்பாற்றுவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். 2014-லிருந்து ஆர்டர், புரூஃப், விலைப் பேச்சு எல்லாம் அவுட்லுக்கில்தான். இப்போதைய மெஷின் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸ் 11 ஏற்றச் சொல்லியிருக்கிறேன். "வேண்டியதை எல்லாம் டி டிரைவில் போட்டு வையுங்கள்" என்கிறார்கள். மெயிலை எப்படி டி டிரைவில் போடுவது?
— அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: முன்னாலேயே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். "வேண்டியதை எடுத்து வையுங்கள்" என்றதும் நம் கை போவது டெஸ்க்டாப்புக்கும் போட்டோக்களுக்கும் டேலி டேட்டாவுக்கும்தான். மெயில் என்பது அவுட்லுக்கைத் திறந்தால் தெரிகிற ஒன்று. அதற்கு ஒரு ஃபைல் இருக்கிறது, அது சி டிரைவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கே அது ஒரு காலத்தில் தோன்றவில்லை. 2007-இல் ஒரு வழக்கறிஞர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். "டாக்குமெண்ட்ஸ் எல்லாம் எடுத்தாச்சா சார்?" என்று கேட்டேன். "எடுத்தாச்சு" என்றார். ஃபார்மட் அடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "தம்பி, லெட்டர் எல்லாம் எங்கே?" என்று அவர் கேட்டபோதுதான் நான் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. ஆறு வருடக் கடிதப் போக்குவரத்து. அவர் சத்தம் போடவில்லை. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து என் கடையில், மெஷினைக் கொண்டுவருபவர் தன் மெயிலை எப்படிப் பார்க்கிறார் என்பதை எனக்குத் திறந்து காட்டாமல் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ் என்று போனால் உங்கள் கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் 'பாப்' அல்லது 'ஐமேப்' என்று போட்டிருக்கும். ஐமேப் என்றால் கடிதங்களின் மூலப்பிரதி சர்வரில் இருக்கிறது. உங்கள் மெஷினில் இருப்பது அதன் நகல். பாப் என்றால் தபால்காரர் வீட்டில் போட்டுவிட்டுப் போன மாதிரி. கடிதம் உங்கள் மெஷினுக்கு வந்துவிட்டது. சர்வரில் ஒரு பிரதி விடச் சொல்லியிருந்தால் இருக்கும், இல்லையென்றால் அங்கே ஒன்றுமில்லை. 2014-இல் போட்ட கணக்கு என்பதால் உங்களுடையது பாப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. சர்வரில் பிரதி விடும்படி வைத்திருப்பவர்கள், பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கே" என்று நிம்மதியாகிவிடுவார்கள். அங்கே இருப்பது வந்த கடிதம் மட்டும். பாப் கணக்கில் நீங்கள் அவுட்லுக்கிலிருந்து அனுப்பிய கடிதம் சர்வரில் தங்குவதில்லை. அது உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன விலை, நீங்கள் ஒப்புக்கொண்ட தேதி எல்லாம் 'சென்ட்' ஃபோல்டரில்தானே இருக்கும்? ஒரு தகராறு வந்தால் தேவைப்படுவதும் அதுதான்.

அதே அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'டேட்டா ஃபைல்ஸ்' என்ற பக்கம் உண்டு. அங்கே ஃபைலின் பெயரும் அது இருக்கும் இடமும் தெரியும். பிஎஸ்டி என்று முடியும் ஃபைல்தான் உங்கள் சொத்து. அவுட்லுக் 2010-க்குப் பிறகு தொடங்கிய கணக்கென்றால் டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய பதிப்பிலிருந்து வந்த கணக்கென்றால் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் இருக்கும். ஒன்றுக்கு மேல் பிஎஸ்டி இருக்கலாம். 'ஆர்கைவ்' என்ற பெயரில் ஒன்று இருந்தால் பழைய வருடங்கள் அதற்குள் போயிருக்கும்; விட்டுவிடாதீர்கள். ஓஎஸ்டி என்று முடிவது ஐமேப் கணக்கின் நகல். அதை வேறு மெஷினில் கொண்டுபோய்த் திறக்க முடியாது, அதை காப்பி எடுத்துவிட்டு பேக்கப் முடிந்தது என்று நினைக்கவும் கூடாது.

அவுட்லுக்கை முழுதாக மூடிவிட்டு காப்பி எடுங்கள், டி டிரைவோடு நிறுத்தாமல் ஒரு பென் டிரைவிலும். திறந்திருந்தால் ஃபைல் பூட்டிக்கிடக்கும். பென் டிரைவில் இடம் இருந்தும் "ஃபைல் மிகப் பெரியது" என்று மறுத்தால், பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் நுழையாது. இத்தனை வருட பிஎஸ்டி 4 ஜிபி-யைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பென் டிரைவை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றுமுன் அதில் இருப்பதை எடுத்துவிட்டு.

காப்பி ஆனபின் இரண்டு ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸையும் திறந்து பைட் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். அதோடு நிறுத்தாமல், அவுட்லுக் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் அந்தக் காப்பியைப் போட்டுத் திறந்து, 2014-இல் வந்த ஒரு கடிதத்தையும் நேற்று அனுப்பிய ஒரு கடிதத்தையும் தேடி எடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் மெயில் கணக்கை ஏற்றிவிடாதீர்கள். பாப் கணக்கு என்பதால் புதுக் கடிதங்கள் அங்கே இறங்கி, சர்வரிலிருந்து போயும்விடலாம். ஃபைலை மட்டும் 'ஓப்பன்' செய்தால் போதும்.

பிறகு பாஸ்வேர்ட். பெட்டியில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதைப் பல வருடமாக நீங்கள் டைப் செய்திருக்கவே மாட்டீர்கள். விண்டோஸ் போனால் அதுவும் போய்விடும். இன்றே பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து, கையால் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போக முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் உங்களுக்கு டொமைன் போட்டுக் கொடுத்தவரிடம் சொல்லி முதலில் அதை மாற்றுங்கள். இன்கமிங், அவுட்கோயிங் சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் இருக்கும் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபீஸ் லைசென்ஸ் எந்த மெயில் ஐடியில் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். விண்டோஸ் 11-ஓடு வரும் புதிய அவுட்லுக் வேறு, நீங்கள் இத்தனை வருடம் பழகியது வேறு.

எஸ்எஸ்டி மாட்டுகிறார்கள் அல்லவா? அப்படியென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடிக்கவே தேவையில்லை. கழற்றி, தேதி எழுதி ஒட்டி, உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் பீரோவில் இருக்கட்டும். கூடுதல் இடத்துக்காக அதையும் உள்ளேயே மாட்டித் தருகிறோம் என்றால், "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. 2002-லிருந்து 2006 வரை வெளிநாட்டில் இருந்த மகள் தமிழில் எழுதிய கடிதங்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இருக்கின்றன. பேரன் அந்த மெஷினில் வேறு ஏதோ போடலாம் என்கிறான். ஒரு கடிதத்தை என் லேப்டாப்புக்கு அனுப்பிப் பார்த்தேன், கிறுக்கல் கிறுக்கலாக வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: கெடவில்லை அம்மா. அந்தக் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. படிக்கிற கண்ணாடிதான் புது மெஷினில் இல்லை. அந்த நாட்களில் பலர் தமிழை டிஸ்கி, டேப், பாமினி மாதிரியான எழுத்துரு முறைகளில் எழுதினார்கள். மெஷினைப் பொறுத்தவரை அது ரோமன் எழுத்தும் குறியீடுகளும்தான். அதற்குரிய ஃபாண்ட்டைப் போட்டால்தான் 'அ'வும் 'ம்மா'வும் தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் முறை பரவலாவதற்கு முன் தமிழில் மெயில் எழுதிய எல்லோருக்கும் இதுதான் வழி.

அதனால் பேரனிடம் சொல்லுங்கள், கடிதத்தை மட்டும் எடுத்தால் போதாது, ஃபாண்ட்டையும் எடுக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, தமிழ் ஃபாண்ட் எதையும் விடாமல் பென் டிரைவில் போடட்டும். இணைமதி போன்ற பெயர்கள் அங்கே கண்ணில் படலாம். எது தமிழ், எது இல்லை என்று தெரியாவிட்டால் முழு ஃபோல்டரையுமே காப்பி எடுக்கட்டும். பெரிய இடம் பிடிக்காது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அந்தக் கடிதம் திறந்திருக்கும்போது 'வியூ' மெனுவில் 'என்கோடிங்' எதில் டிக் ஆகியிருக்கிறது, 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் எந்த ஃபாண்ட் போட்டிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றப் போனால், எந்த முறையிலிருந்து மாற்றுவது என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் விடை.

கடிதங்களை இரண்டு விதமாக எடுங்கள். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'மெயின்டனன்ஸ்' என்று போய் 'ஸ்டோர் ஃபோல்டர்' பொத்தானை அழுத்தினால் எல்லாக் கடிதங்களும் இருக்கும் ஃபோல்டரின் முகவரி தெரியும். அந்த ஃபோல்டர் மறைத்து வைக்கப்பட்டது. முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் சுலபமாகப் போய்ச் சேரலாம். உள்ளே டிபிஎக்ஸ் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும், ஒரு ஃபோல்டருக்கு ஒன்று. அதை முழுதாகக் காப்பி எடுங்கள். இதற்கிடையில் "கடிதங்களைச் சுருக்கலாமா" என்று அந்த மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வேலை பாதியில் நின்று கடிதங்கள் போனதை என் கடையில் பார்த்திருக்கிறேன்.

டிபிஎக்ஸ் ஃபைலை இன்றைய மெஷினில் நேரடியாகத் திறக்க முடியாது. எனவே இரண்டாவது விதமும் வேண்டும். டெஸ்க்டாப்பில் மகள் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அவர் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, மவுஸால் இழுத்து அந்த ஃபோல்டரில் விடுங்கள். ஒவ்வொரு கடிதமும் ஈஎம்எல் என்ற தனித்தனி ஃபைலாக விழும். இணைத்து அனுப்பிய போட்டோக்களும் அதற்குள்ளேயே வரும். இந்த வகை ஃபைலைத் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் புரோகிராம் இன்றும் திறக்கும். இழுத்து முடித்ததும் இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். "அம்மாவுக்கு" என்ற ஒரே தலைப்பில் நிறையக் கடிதம் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படாமல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஐம்பது ஐம்பதாக இழுத்தால் எண்ணுவது சுலபம்.

மிகவும் பிரியமான பத்திருபது கடிதங்களை அந்தப் பழைய மெஷினிலிருந்தே, அந்த ஃபாண்ட்டோடு, தாளில் அச்செடுத்துவிடுங்கள். என் அம்மாவுக்கு என் தங்கை எழுதியவற்றை அப்படித்தான் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன். பென் டிரைவைப் பொறுத்தவரை, எக்ஸ்பி எல்லா வகையையும் படிக்காது. ஃபேட்32-இல் இருக்கும் சிறிய பென் டிரைவ் இந்த வேலைக்கு நல்லது.

கேள்வி: டாக்டரின் கிளினிக்கில் வேலை செய்கிறேன். அவுட்லுக்கிலிருந்து 800 பேரின் முகவரியை சிஎஸ்வி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தேன். திறந்து பார்த்தால் தமிழில் இருந்த பெயர் எல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறது. போன் நம்பரும் ஏதோ மாதிரி தெரிகிறது. நாளை மறுநாள் ஃபார்மட்.
— வரவேற்பாளர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த ஃபார்மட்டைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். உங்களிடம் இருப்பது பேக்கப் இல்லை.

தமிழ் எழுத்து உடைந்து தெரிவதில் மூன்று வகை உண்டு. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபாண்ட் இல்லை, எழுத்து உள்ளே இருக்கிறது. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தால், எழுத்து சரியாக இருக்கிறது, திறந்த புரோகிராம் அதைத் தவறாகப் படிக்கிறது. யூனிகோடை எழுதும் முறையான யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும். கேள்விக்குறியாக வந்தால்தான் ஆபத்து. பழைய அவுட்லுக் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த சாதா எழுத்து ஃபைல், எழுதும்போது விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணையைப் பயன்படுத்துகிறது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. இடம் இல்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறியை எழுதிவிடுகிறது. அந்த ஃபைலிலிருந்து 'முருகேசன்' என்ற பெயரை யாராலும் மீட்க முடியாது, ஏனென்றால் அது அங்கே எழுதப்படவே இல்லை. அவுட்லுக்குக்குள் பெயர்கள் இன்னும் சரியாக இருக்கின்றன. ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும்போது சிஎஸ்வி-க்குப் பதிலாக 'அவுட்லுக் டேட்டா ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த பிஎஸ்டி-க்குள் தமிழ் தமிழாகவே இருக்கும். சிவகாசி வாசகருக்குச் சொன்ன மாதிரி இன்னொரு மெஷினில் திறந்து, தமிழ்ப் பெயர்கள் சிலவற்றைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

போன் நம்பர் மாறித் தெரிவது எக்செலின் வேலை. சிஎஸ்வி ஃபைலை இரட்டை க்ளிக் செய்தால் எக்செல் திறந்து, போன் நம்பரை ஒரு பெரிய தொகை என்று எடுத்துக்கொள்கிறது. 0422-இல் முதல் பூஜ்யம் போய்விடும். 91-ஓடு தொடங்கும் பன்னிரண்டு இலக்கம், 9.19-ஐ அடுத்து 'ஈ' எழுத்தும் +11-உம் போட்டுச் சுருங்கிவிடும். பார்த்துவிட்டு மூடினால் பரவாயில்லை. "சேவ் செய்யவா?" என்று கேட்கும்போது 'ஆம்' சொன்னால், சுருங்கிய எண்தான் ஃபைலில் எழுதப்படும், மிச்ச இலக்கங்கள் போய்விடும். சிஎஸ்வி-யைப் பார்க்க நோட்பேடே போதும். அதில் நம்பர் முழுதாகத் தெரிந்தால், நம்பரைப் பொறுத்தவரை ஃபைல் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. 'டு' பெட்டியில் இரண்டு எழுத்து அடித்ததும் கீழே விழுகிற பெயர்கள் எல்லாம் முகவரிப் புத்தகத்தில் இருப்பவை என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றில் பல, நீங்கள் என்றோ ஒரு முறை மெயில் அனுப்பியதால் அவுட்லுக் தானாக நினைவில் வைத்திருப்பவை. புது மெஷினில் அந்த நினைவு இருக்காது. லேப், மருந்து கம்பெனி, இன்சூரன்ஸ் அலுவலகம் என்று அடிக்கடி எழுதும் இடங்களை இன்றே கான்டாக்டில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறேன். எதை எடுக்க வேண்டும்?
— மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

பதில்: உங்களுக்கு வேலை குறைவு. 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்று இருக்கும். 'ஓப்பன் ஃபோல்டர்' அழுத்தி, இடத்தைத் தெரிந்துகொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள். கடிதம், முகவரி, சேமித்த பாஸ்வேர்ட், ஃபில்டர் எல்லாமே அதற்குள் இருக்கின்றன. பாஸ்வேர்டும் இருப்பதால் அந்தப் பென் டிரைவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: ஜிமெயிலை பிரவுசரில்தான் பார்க்கிறேன். நான் எதுவும் எடுக்க வேண்டாம்தானே?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கடிதத்தை எடுக்க வேண்டாம். ஆனால் வேறொரு மெஷினில் அல்லது தோழியின் போனில் இப்போதே லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்ட் நினைவில்லாமல், ரெகவரி நம்பரும் தூக்கிப்போட்ட பழைய சிம்முடையதாக இருந்தால், ஃபார்மட் ஆன பிறகு உங்கள் கணக்குக்குள் போக நீங்கள்தான் என்று நிரூபிக்க வழி இருக்காது. குரோமின் ஃபோல்டரைக் காப்பி எடுத்து வைத்தால் பாஸ்வேர்ட் வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வராது, அது அந்த விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டது.

கேள்வி: இதையெல்லாம் இப்போதுதான் கேட்கிறேன். போன வாரமே ஃபார்மட் ஆகிவிட்டது. அவுட்லுக்கில் பாப் கணக்கு. ஏதாவது வழி உண்டா?
— ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: உண்டா இல்லையா என்பது அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சி டிரைவைத் திறந்து 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். டிரைவை அழிக்காமல் மேலேயே விண்டோஸ் ஏற்றியிருந்தால் பழைய யூசர் ஃபோல்டர் முழுதும் அதற்குள் இருக்கும், பிஎஸ்டி-யும்தான். உடனே வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். பத்து நாள் ஆனால் விண்டோஸே அதை அழித்துவிடும்.

அது இல்லையென்றால் மெஷினை அணைத்துவிடுங்கள். பாட்டு இறக்குவது, ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் போடுவது எதுவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், புது விண்டோஸ் எழுதாத இடத்தில் பழைய ஃபைல் மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டித் தேட வேண்டும். எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், நம்பிக்கை மிகக் குறைவு. பணம் கட்டுமுன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு உங்கள் போனிலும் அதே மெயில் இருந்ததா என்று பாருங்கள். வெப்மெயிலையும் பாருங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால், கடிதம் எழுதியவர்களிடமும் பெற்றவர்களிடமும் ஒரு பிரதி இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். முன்னே சொன்ன வழக்கறிஞருக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவருடைய டைரியை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக உட்கார்ந்து, அவர் அதிகம் எழுதும் கட்சிக்காரர்கள், சக வழக்கறிஞர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நமக்குள் போன வந்த கடிதங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?" என்று கேட்டோம். மூன்று வாரத்தில் நடப்பு வழக்குகளுக்கு வேண்டியவை பெரும்பாலும் திரும்பி வந்தன. உங்கள் தொழிலில் நூல் கொடுப்பவரும் சாயம் போடுபவரும் தறிக்காரரும் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். இன்று மாலையே கூப்பிடுங்கள். அவர்களில் யாராவது புது ஓஎஸ் போடுவதற்குள்.